ஊருக்கு ஒரு ஷோரூம்

மார்ச் 4

வால்தேன் செத்துப்போனது. இப்படி எழுதக் கூடாதாம், ‘இணைந்தது’ என்றுதான் சொல்ல வேண்டுமாம். காலையில் எல்லா டீலர்களையும் கணினித் திரைக்கு முன்னால் உட்கார வைத்துக் கம்பெனி அறிவித்தது. ஐரோப்பாவிலிருந்து எங்கள் வால்தேன் தலைவரும் ஜப்பானிலிருந்து ஹகுமோ தலைவரும் வந்து திரையில் ஒரே மேடையில் கை குலுக்கிக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் வாய் கொள்ளாத சிரிப்பு. இனி இரண்டும் ஒரே கார் கம்பெனி. பெயர் ஆர்டியா.

டீலர் மாநாடுகளில் வால்தேன் வளர்ந்த கதையை ஒரு படமாகப் போடுவார்கள். தையல் மிஷின் செய்த அண்ணன் தம்பி, அவர்களுடைய முதல் கார், பிறகு விலைக்கு வாங்கிய லாரி கம்பெனி, ஸ்பெயின் கம்பெனி, பிரேசில் தொழிற்சாலை. ஒவ்வொன்றும் ஓர் ஓடையாக வந்து பெரிய ஆற்றில் விழும். விழுந்த ஓடைக்கு அதற்கப்புறம் பெயர் கிடையாது. வருடா வருடம் அந்தப் படத்துக்கு நானும் கை தட்டியிருக்கிறேன். நாம் ஆற்றோடு இருக்கிறோம் என்ற நினைப்பு.

ஈரோடு பெருந்துறை ரோட்டில் எங்கள் சென்னி மோட்டார்ஸுக்கு நேர் எதிரே ஹகுமோ ஷோரூம். நாச்சிமுத்துவின் நாச்சி மோட்டார்ஸ். அப்பா சென்னியப்பனுக்கும் அவருக்கும் இருபது வருடப் பகை. அவர்கள் பொங்கலுக்கு பலூன் கட்டினால் நாங்கள் அதைவிடப் பெரிய பலூன் கட்டுவோம். அவர்கள் பக்கத்து பேக்கரியில் அப்பா டீ குடிக்க மாட்டார். இன்று அறிவிப்பு முடிந்ததும் அப்பா ஜன்னல் வழியாக எதிர்ப்பக்கம் பார்த்தார். அங்கே நாச்சிமுத்துவும் வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இனி அவனும் நாமளும் ஒண்ணாமா?” என்றார் அப்பா.

“ஆமாங்ப்பா. கம்பெனி சொல்லுது, ஒரே குடும்பமாம்.”

“குடும்பம் வேற,” என்று உள்ளே போய்விட்டார்.

மார்ச் 5

அப்பா சாப்பிடவில்லை. சுகர் மாத்திரையும் போடவில்லை. நான் இரண்டு தோசை சாப்பிட்டேன். யாராவது ஒருவர் சாப்பிட்டாக வேண்டுமே.

மார்ச் 19

எதிர்பார்த்தது வந்துவிட்டது. பெரிய நகரங்களைத் தவிர எல்லா இடத்திலும் ஊருக்கு ஒரு டீலர்தான். ஈரோட்டில் நாங்களா, எதிர்க்கடையா என்று ஜூலை கடைசியில் வந்து பார்த்து முடிவு செய்வார்களாம். எத்தனை கார் விற்றோம் என்பது மட்டும் இல்லை. கடையை யார் நடத்துகிறார்கள், அவர்களுக்குப் பின்னால் யார் என்றும் கேட்பார்கள்.

ஜூலை கடைசி என்றால் ஆடி. ஆடியில் ஈரோட்டில் எவனாவது கார் எடுப்பானா? புதுச் சாவியைக் கையில் வாங்கவே மாட்டான். கம்பெனிக்கு அது எங்கே தெரியப்போகிறது. அங்கே எல்லா மாதமும் ஒரே மாதம்.

ஆனால் எனக்குப் பயம் இல்லை. எம்.பி.ஏ. முடித்த வருடத்திலிருந்து இந்தக் கடையை நடத்துவது நான். அப்பா வந்து உட்காருவார், கல்யாணப் பத்திரிகை வாங்குவார், பெரிய மனிதர்களோடு காபி குடிப்பார். எந்த நிறம் எத்தனை வாங்குவது, யாருக்கு எப்போது போன் போடுவது, சர்வீஸில் கத்துகிறவரை எப்படி அடக்குவது எல்லாம் நான். கம்பெனிக் குறிப்புகளிலும் பொறுப்பாளர் பெயர் பிருந்தா என்றுதான் இருக்கிறது. எதிர்க்கடையில் நாச்சிமுத்துவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்? ஒரு மகன் இருக்கிறானாம். கடைப்பக்கமே வர மாட்டானாம்.

ஏப்ரல் 3

இன்று ஒரு டெலிவரி. மஞ்சள் மண்டிக்காரர் குடும்பம். எங்கள் கடையில் காரைத் துணி போட்டு மூடி வைத்திருப்போம். வீட்டு ஆண் சாவி வாங்கலாம், ஆனால் அந்தத் துணியை இழுக்க வேண்டியது வீட்டுப் பெண்தான். இது நான் கொண்டுவந்த வழக்கம். அந்த அம்மா துணியை இழுத்துவிட்டு அழுதுவிட்டார். “எனக்குன்னு யாரும் எதையும் தொறக்கச் சொன்னதில்லீங்க கண்ணு,” என்றார். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. ஜெனிட்டா போட்டோ எடுத்தாள். டெலிவரி எல்லாம் அவள் பொறுப்பு, கெட்டிக்காரி.

எதிர்க்கடையிலும் போன மாதத்திலிருந்து துணி போட்டு மூடுகிறார்களாம். ஆனால் அங்கே இழுப்பது நாச்சிமுத்து.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. காலையில் காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தால் நாச்சிமுத்து, கையில் பழத்தட்டு. மாம்பழம், ஆப்பிள், மேலே ஒரு கட்டு வெற்றிலை. எனக்குக் கதவை மூடிவிட்டு மறுபடி திறந்து பார்க்கலாமா என்றிருந்தது.

“அய்யன் இருக்காருங்களா அம்மிணி?” என்றார்.

இருபது வருடம் ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து முறைத்தவர், எங்கள் சோபாவில் உட்கார்ந்து அம்மா கொடுத்த பாயசத்தை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக் குடித்தார். அப்பா அவர் முழங்கால் வலியை விசாரித்தார். கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினார்கள். போகும்போது என்னை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார். கார் வாங்க வருகிறவர்கள் சுற்றி வந்து பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

ஏப்ரல் 15

அந்தப் பார்வைதான்.

“கண்ணு, சித்த உக்காரு,” என்றார் அப்பா. “நாச்சிமுத்து ஒரு ரோசனை சொல்றாப்ல. கம்பெனி ரெண்டுல ஒண்ணைத்தானே வெக்கும்? ரெண்டும் ஒரே வீடாயிட்டா?”

“எப்படீங்ப்பா ஆகும்?”

“அவனோட பையன் மிதுன். நல்ல பையன், எந்தக் கெட்ட பழக்கமும் இல்ல.”

கார் கம்பெனிகள் இணைந்ததால் வக்கீலைப் பார்த்தவர்கள் இருப்பார்கள், ஆடிட்டரைப் பார்த்தவர்கள் இருப்பார்கள். ஜோசியரைப் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் மட்டும்தான் இருப்பார்கள். இரண்டு குடும்பமும் வேறு வேறு கூட்டம், அதாவது வேறு வேறு குலம், அதனால் கொடுக்கல் வாங்கலுக்குத் தடையில்லையாம். ஒரே கூட்டமாக இருந்திருந்தால் எனக்கு அண்ணன் முறையாகியிருப்பான். நானும் தப்பியிருப்பேன்.

கோபித்துக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். போகவில்லை, யோசித்தேன். முப்பத்தொரு வயதாகிறது, எவனையாவது கட்டித்தான் ஆக வேண்டும். வேறு ஊரில் கட்டினால் கடை போகும். இவனைக் கட்டினால் கடை இருக்கும், அதுவும் இரண்டு மடங்காக. அவன் கடைப்பக்கம் வருவதில்லை என்பது அவனிடம் உள்ள பெரிய சிறப்பு.

“கடையை நான்தான் பாத்துக்குவேன். அதுக்கு ஒத்துக்கிட்டா எனக்குச் சரிங்ப்பா.”

“பின்ன வேற ஆரு சாமி பாக்கறது?” என்றார் அப்பா.

ஏப்ரல் 21

மிதுனைப் பார்த்தேன். பேக்கரியில் சந்திப்பு, அவர்கள் பக்கத்து பேக்கரி. அப்பா வெளியிலேயே நின்றுகொண்டார். பழக்கம் விடவில்லை.

கார் டீலர் மகன் ஸ்கூட்டரில் வந்தான். “எனக்குக் காரே புடிக்காதுங்க,” என்றான். “பார்க்கிங் தேடியே வாழ்க்கை போயிருது.” சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஆன்லைனில் ஏதோ கணக்கு மென்பொருள் வேலை செய்கிறான். அதுவே போதுமாம்.

“கடையை நான் பாத்துக்கறதுல உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?” என்று நேராகக் கேட்டேன்.

“நீங்க பாத்துக்கிட்டா என்னை உட்டுருவாங்கல்ல? தாராளமா பாருங்க.”

ஒப்பந்தம் முடிந்தது. பப்ஸ் நன்றாக இருந்தது. இருபது வருடமாக இதைத் தின்னாமல் விட்டிருக்கிறோம்.

மே 12

உறுதி வார்த்தை, எங்கள் பக்கத்து நிச்சயதார்த்தம். இரண்டு வீட்டிலிருந்தும் பெரியவர்கள் வந்தார்கள். பெண்கள் எல்லாம் என் புடவையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆண்கள் உள்ளறையில் உட்கார்ந்து பேசினார்கள். சீர், மண்டபம், சாப்பாடு என்று வழக்கமான பேச்சாகத்தான் இருக்கும்.

அப்பா வெளியே வந்தபோது என்னைப் பார்க்கவில்லை. முகமெல்லாம் வியர்த்திருந்தது. அந்த அறை ஏசியைச் சரி பார்க்கச் சொல்ல வேண்டும்.

கல்யாணம் ஜூலை 7. ஆடி பிறப்பதற்குள் முடித்தாக வேண்டும், கம்பெனி வருவதற்குள்ளும் முடித்தாக வேண்டும். வேறு முகூர்த்தம் இல்லை.

ஜூன் 2

பத்திரிகை வந்தது. மேலே பிள்ளையார், கீழே ஒரு மூலையில் சென்னி மோட்டார்ஸ், மறு மூலையில் நாச்சி மோட்டார்ஸ். நடுவில் எங்கள் பெயர் சின்ன எழுத்தில் இருக்கிறது.

ஜூன் 16

என் அறைக் கதவில் இருந்த பெயர்ப் பலகையைக் கழற்றியிருந்தார்கள். பெயிண்ட் அடிக்கவாம். இரண்டு கடையையும் ஒரே சாம்பல் நிறத்துக்கு மாற்ற வேண்டும் என்று ஆர்டியா நிறத்தின் குறியீட்டு எண்ணையே அனுப்பியிருக்கிறது. அப்பாவிடம் கேட்டேன், “கல்யாணம் முடியட்டும் கண்ணு, மாட்டிக்கலாம்,” என்றார். மற்றவர்கள் அறையில் பலகைகள் அப்படியே இருந்தன. அந்தப் பக்கம் இன்னும் பெயிண்டர் போகவில்லை போலிருக்கிறது.

ஜூலை 7

கல்யாணம் ஆயிற்று. எங்கள் பக்கத்துச் சடங்கான இணைச்சீரெல்லாம் முறையாக நடந்தது. மிதுன் தாலி கட்டும்போது என் தலைமுடியையும் சேர்த்து இழுத்துவிட்டான். “சாரிங்க,” என்று காதுக்குள் சொன்னான். யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழகாத ஊரில் இது கொஞ்சம் அதிகம்தான். பிடித்திருந்தது.

கம்பெனியிலிருந்து மல்ஹோத்ரா வந்திருந்தார். தென்மண்டலம் முழுக்க அவர் கையில். மேடையேறி இரண்டு சம்பந்திகளின் கையையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கி, “உண்மையான இணைப்பு இங்கேதான்!” என்று ஆங்கிலத்தில் சத்தமாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். போட்டோகிராபர் என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். இரண்டு முதலாளிகளும் மல்ஹோத்ராவும் ஒரே படத்தில் வர வேண்டுமாம்.

ஜூலை 10

மாமியார் வீடு. பெரிய வீடு, நல்ல காற்று. காலையில் குளித்துக் கிளம்பி ஷோரூமுக்குப் போகக் கைப்பையை எடுத்தேன். அத்தை வாசலில் வந்து நின்றார்.

“எங்க கண்ணு பொறப்பட்டே?”

“கடைக்குங்க அத்தை.”

“மஞ்சக் கவுத்து ஈரங்கூடக் காயல. அதுக்குள்ள கடைக்குப் போனா பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க? மருமகளைச் சம்பாதிக்க உட்டுட்டாங்கன்னு சொல்ல மாட்டாங்களா?”

குரலில் கோபம் இல்லை. தலையில் பூ வேறு வைத்துவிட்டார். பூவோடு சோபாவில் உட்கார்ந்து ஜெனிட்டாவுக்குப் போன் போட்டு அன்றைய வேலையைச் சொன்னேன். அவள், “அக்கா, நாச்சிமுத்து ஐயா இன்னிக்கு உங்க சீட்டுல உக்காந்திருக்காருங்க,” என்றாள். முழங்கால் வலிக்காரர், பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார் என்று சொன்னேன்.

ஜூலை 15

நாளை ஆடி ஒன்று. புது மருமகளைத் தாய்வீடு கூட்டிப் போக வேண்டும். புருஷன் பெண்டாட்டி ஆடி முழுக்க ஒன்றாக இருக்கக் கூடாது, சித்திரையில் பிள்ளை பிறந்துவிடுமாம். அப்பாவும் அம்மாவும் தட்டோடு வந்து நின்றார்கள்.

“இருவத்தி நாலாந் தேதி கம்பெனிக்காரங்க வர்றாங்க மாமா,” என்றேன் நாச்சிமுத்துவிடம். “அன்னிக்கு ஒரு நாள் நான் கடைக்கு வந்துட்டுப் போயிடறேனுங்க.”

“தலை ஆடிக்குத் தாய் வீட்டுக்குப் போன புள்ளை நடுவுல எங்க கடைக்கு வாரது? மிதுனும் அங்கதான் இருப்பான். ஊரு சிரிக்கும் அம்மிணி. நாங்க இத்தனை பேரு என்னத்துக்கு இருக்கறோம்?”

“அவங்க கேக்கறதுக்குப் பதில் எனக்குத்தானுங்க தெரியும்.”

“மிதுனுக்குச் சொல்லிக் குடு. அவன் படிச்சவன்.”

அப்பாவைப் பார்த்தேன். அவர் தட்டில் இருந்த வெற்றிலையை நேராக அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஜூலை 19

சும்மா இருக்கிறேன். அம்மா எலுமிச்சை ஊறுகாய் போடுகிறார், நான் பழம் நறுக்குகிறேன். ஜன்னலைத் திறந்தால் கோயில் ஒலிபெருக்கி. இரண்டு கடையையும் ஒன்றாக்கினால் எதை எங்கே வைப்பது என்று மனதிலேயே கட்டி முடித்துவிட்டேன். இந்தப் பக்கம் விற்பனை, அந்தப் பக்கம் சர்வீஸ். நடுவில் பெருந்துறை ரோடு.

ஜூலை 22

மிதுனுக்குப் போனில் பாடம். பையன் நன்றாகத்தான் படிக்கிறான். “ஏன் இந்த ஊர்ல வெள்ளைக் கார் மட்டும் இவ்வளவு போகுது?” என்று கேட்டான். சொன்னேன். “ஏன் மாசிக்கு அப்புறம் புக்கிங் ஏறுது?” மஞ்சள் அறுவடை என்றேன். “இதெல்லாம் எங்க அப்பனுக்குத் தெரியுமா?” என்றான். எனக்கு எப்படித் தெரியும்? கடைசியில், “நீங்க இல்லாம வீடு என்னமோ மாதிரி இருக்குது,” என்றான். நான் உடனே சர்வீஸ் பிரிவுப் பாடத்துக்குப் போய்விட்டேன். நேரம் குறைவு.

ஜூலை 24

ஜெனிட்டா பாத்ரூமில் நின்றுகொண்டு போன் செய்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

மல்ஹோத்ராவோடு வெளிநாட்டு அம்மா ஒருவர் வந்திருக்கிறார், பெயர் எல்கே. வந்ததும் கேட்ட முதல் கேள்வி, “பிருந்தா எங்கே?” கம்பெனியில் எல்லோருக்கும் அந்தப் பெயர்தான் தெரியுமாம். ஈரோட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் அந்தப் பெயரைத்தான் சொல்வார்களாம்.

மாமா சொல்லியிருக்கிறார், கல்யாணமாகி அம்மா வீட்டில் ஓய்வில் இருக்கிறாள் என்று. எப்போது வருவாள்? ஆவணியில். அந்த அம்மாவுக்கு விளங்கவில்லை. உடம்பு சரியில்லையா? இல்லை. விடுமுறையா? அதுவும் இல்லை. மிதுன் ஆடியை விளக்கப் பார்த்து, சித்திரைக் குழந்தை வரைக்கும் போய், முகம் சிவந்து நிறுத்திவிட்டானாம். மல்ஹோத்ரா வேறு பக்கம் திரும்பிச் சிரித்தாராம்.

“அப்பறம் ஸ்டாக் யாரு முடிவு பண்றதுன்னு கேட்டாங்கக்கா. உங்கப்பாவும் நாச்சிமுத்து ஐயாவும் ஒரே நேரத்துல ‘நான்’னாங்க. அப்பறம் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. மிதுன் சார் நீங்க சொல்லிக் குடுத்ததை எல்லாம் தப்பில்லாமச் சொன்னாருங்க. ஆனா அந்தம்மா ஒண்ணு கேட்டாங்க, ரெண்டு கடையையும் ஒண்ணாக்குனா எதை எங்க வெப்பீங்கன்னு. சார் யோசிச்சுப் பாத்துட்டு, ‘அது பிருந்தாவுக்குத்தான் தெரியும்’னுட்டாரு.”

“சரி, அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?”

“அப்படின்னா பிருந்தா ஏன் இங்க இல்லைன்னு கேட்டாங்க. உங்கப்பா அவங்களுக்கு இன்னொரு காபி சொன்னாருங்கக்கா.”

நான் இந்த ஊரிலேயேதான் இருந்தேன். ஷோரூமுக்கும் இந்த வீட்டுக்கும் நடந்தே போகலாம். அம்மா அப்போது ஊறுகாய் ஜாடியை வெயிலில் வைக்கச் சொன்னார். வைத்தேன்.

ஆகஸ்ட் 2

ஆடிப் பதினெட்டு. மாப்பிள்ளையை அழைத்து விருந்து, துணிமணி. அதற்குத் தடையில்லையாம், பகலில் வந்து போகலாம். கருங்கல்பாளையம் காவிரிக்குப் போனோம். கூட்டம் நெரித்தது. எல்லோரும் புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மா எனக்கும் மாற்றிவிட்டார்.

படித்துறையில் ஒதுங்கி நின்றபோது மிதுன், “சாரி. அன்னிக்கு நான் சொதப்பிட்டேன்,” என்றான்.

“நீங்க சொதப்பல. நான் அங்க இருந்திருக்கோணும். ஆவணியில வந்து பேசிக்கறேன். இன்னொரு தடவை அவங்களைக் கூப்பிடலாம்.”

அவன் ஒரு மாதிரி பார்த்தான். “ஆவணியில எப்படி வருவீங்க?”

“எப்படீன்னா? நம்ம கடைதானே?”

“இல்ல, உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். உறுதி வார்த்தை அன்னிக்கே பேசினதுதானே? கல்யாணத்துக்கப்பறம் பொண்ணு கடைக்கு வரக்கூடாதுன்னு அப்பா கேட்டாரு. உங்கப்பா சரின்னுட்டாரு.”

“நீங்க அந்த ரூமுக்குள்ள இருந்தீங்களா?”

“இருந்தேன்.”

“ஒண்ணும் சொல்லலையா?”

“உங்கப்பாவே சரின்னதுக்கப்பறம் நான் என்னத்தைச் சொல்றது? உங்களைக் கேட்டுட்டுத்தான் சொல்றாருன்னு நெனச்சேன்.”

பொய் சொல்லவில்லை, அவனுக்குப் பொய் வராது. எல்லோரும் ஆற்றில் பழைய கயிறுகளை விட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அங்கேயே அவனை ஆற்றில் தள்ள வேண்டும் போல இருந்தது. தள்ளவில்லை. புது வேட்டி கட்டியிருந்தான்.

ஆகஸ்ட் 3

அப்பாவிடம் கேட்டேன். சுற்றி வளைக்கவில்லை.

“நான் ஒத்துக்கலைன்னா சம்மந்தம் நின்னு போயிருக்கும் கண்ணு. சம்மந்தம் நின்னா கடை போயிருக்கும். இருவது வருசம் நான் கட்டுன கடை.”

“ஒம்பது வருசமா ஆருங்ப்பா நடத்துனது?”

“நீதான். இல்லீங்கல. உன்ற பேருல இருந்தா என்ன, உன்ற புருசன் பேருல இருந்தா என்ன? கடை ஒட்டுக்கா நம்ம குடும்பத்துல இருந்தாப் போதும்னு நெனச்சேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லீருக்கலாமில்லீங்ளா?”

“சொன்னா நீ ஒத்துக்குவியா?”

“மாட்டேன்.”

“அதான் சொல்லல,” என்றார்.

இவ்வளவு நேர்மையாக என்னிடம் அவர் இதுவரை பேசியதில்லை. பேச ஆரம்பித்த நாளைப் பார். நான் சத்தம் போட்டேன், என்னென்ன சொன்னேன் என்று எழுதப் பிடிக்கவில்லை. அம்மா நடுவில் வந்து, “ஆடி மாசத்துல அழுகாதே கண்ணு, ஆகாது,” என்றார். கார் எடுக்கக் கூடாது, புருஷனோடு இருக்கக் கூடாது, அழவும் கூடாது.

ஆகஸ்ட் 12

முடிவு வந்துவிட்டது. ஈரோடு இரண்டு பேருக்கும் இல்லை. கோயமுத்தூர், சேலம், திருப்பூர் எல்லாம் கையில் வைத்திருக்கும் கோயமுத்தூர் டீலருக்கே இதையும் கொடுத்துவிட்டார்கள். ‘தெளிவான அடுத்த தலைமை இல்லை’ என்று ஒரே ஒரு வரிதான் காரணம்.

எனக்குத் தனியாக எல்கேயிடமிருந்து ஒரு மின்னஞ்சல். ஆங்கிலத்தில், மிகவும் மரியாதையாக. திருமண வாழ்த்துகள். வேலையை விட்டுக் குடும்ப வாழ்க்கையைத் தேர்ந்தெடுத்த உங்கள் முடிவை மதிக்கிறோம். உங்களைப் போன்ற ஒருவர் இந்தத் துறையைவிட்டு விலகியது எங்களுக்கு வருத்தம்.

என் முடிவாம், அதை மதிக்கிறார்களாம். பதில் எழுத உட்கார்ந்தேன். ‘நான் விலகவில்லை’ என்று எழுதினேன். அதற்கப்புறம் எதை எழுதினாலும் அப்பாவைக் காட்டிக் கொடுத்தது மாதிரி ஆகும். அழித்துவிட்டு, நன்றி என்று மட்டும் அனுப்பினேன்.

ஆகஸ்ட் 17

ஆவணி ஒன்று. மாமியார் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அப்பா வாசல் கேட்டைத் தாண்டவில்லை. மாமாவும் வெளியே வரவில்லை. அப்பா சொல்கிறார், நாச்சிமுத்து போட்ட நிபந்தனையால் கடை போனதென்று. மாமா சொல்கிறார், சென்னியப்பன் பெண்ணை ஒரு நாள் அனுப்பிவைக்கத் துப்பில்லாதவனென்று. அனுப்பக் கூடாதென்று சொன்னவர் இவர்தான். அது இப்போது யாருக்கும் ஞாபகம் இல்லை.

இருபது வருடம் ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று முறைத்துக்கொண்டார்கள். நடுவில் பஸ் போகும், லாரி போகும். இப்போது நடுவில் நான் இருக்கிறேன்.

ஆகஸ்ட் 28

எங்கள் கடைப் பலகையை இறக்கினார்கள். பெயர் தனியாக, சின்னம் தனியாக. கோயமுத்தூர்க்காரர்கள் அப்பாவின் கட்டடத்தையே வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள், நாச்சி மோட்டார்ஸ் கட்டடம் பர்னிச்சர் கடையாகப் போகிறதாம். அப்பா எதிரே பேக்கரியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தார் என்று ஜெனிட்டா சொன்னாள். அவளை அவர்களே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். அவள் என்னைப் பற்றி அங்கே சொல்லியிருக்கிறாள். விற்பனைப் பொறுப்புக்கு ஆள் வேண்டுமாம், நேரில் வரச் சொல்கிறார்கள்.

செப்டம்பர் 1

சாப்பாட்டு மேசையில் சொன்னேன். மாமா இலையைவிட்டு எழுந்துவிட்டார்.

“நாச்சிமுத்து மருமக இன்னொருத்தன் கடையில போயி கையக் கட்டீட்டு நிக்கறதா? அதுவும் அந்தக் கட்டடத்துல?”

அத்தை மறுபடி பூவை எடுத்துக்கொண்டு வந்தார். மிதுன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நிமிராமலேயே, “அவ போகட்டுங்ப்பா. உறுதி வார்த்தை அன்னிக்கு நான் பேசியிருக்கோணும், பேசல,” என்றான். மாமா கை கழுவப் போய்விட்டார். பூவை அத்தை குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார்.

செப்டம்பர் 4

மிதுன் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டான். வாசலில் இல்லை, ஒரு சந்து முன்னாலேயே நிறுத்திவிட்டான். பர்னிச்சர் கடை வேலையைப் பார்க்க மாமா அங்கே நிற்பாராம். “இவ்வளவுதான் இப்ப முடியும்,” என்றான். சரி என்றேன். இவ்வளவாவது முடிந்ததே.

என் அறையிலேயே உட்கார வைத்தார்கள். நான் மேசைக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் கோயமுத்தூரிலிருந்து வந்த மேனேஜர், என்னைவிட நாலைந்து வயது சின்னவர். கதவில் அவர் பெயர்ப் பலகை, அதே நான்கு ஆணித் துளையில். சுவர் முழுக்க அந்தச் சாம்பல் நிறம். கண்ணாடிக்கு வெளியே ஒரு கார் துணி போட்டு மூடியிருந்தது. அந்த வழக்கத்தை மட்டும் விடவில்லை போலிருக்கிறது.

“உங்களைப் பத்தி நெறையக் கேள்விப்பட்டிருக்கறனுங்க மேடம்,” என்றார். நல்ல பையன்தான். ஈரோட்டைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். வெள்ளைக் கார், மஞ்சள் அறுவடை எல்லாம் சொன்னேன். எழுதிக்கொண்டார். எல்லாம் முடிந்ததும் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. இப்பத்தான் கல்யாணம் ஆயிருக்குதுன்னாங்க. கம்பெனி ரிவ்யூ எல்லாம் வருசா வருசம் ஜூலைலதான் வருமுங்க. போன தடவை நீங்க இல்லாமத்தான் இந்தக் கடை கை மாறுச்சுன்னு சொன்னாங்க. அடுத்த ஆடிக்கும் அம்மா வீட்டுக்குப் போவீங்களா?”

“இல்லீங்க,” என்றேன். “தலை ஆடி ஒருக்காத்தான் வரும். அது முடிஞ்சு போச்சு.”